அமைதியான பிள்ளையா, அடங்கின பிள்ளையா?

முகப்புத்தகத்தைத் திறந்தால் இப்போதெல்லாம் இப்படியான விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. "உங்கள் பிள்ளை பரீட்சைப் பயத்தில் இருக்கிறதா? சிறுவர்களுக்கான தியானம், யோகா, மன அமைதிப் பயிற்சி. வார இறுதி வகுப்புகள். முற்பதிவு அவசியம்." சிலதில் ரெய்க்கி, சிலதில் வாசனைத் தைலம், சிலதில் உலோகக் கிண்ணத்தைத் தட்டி எழுப்புகிற ஒலியால் சிகிச்சை. எல்லாத்திலும் பொதுவாக ஒரு படம் இருக்கும்: கண்ணை மூடி, சம்மணம் கட்டி, லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை.

இதைப் பற்றிக் கதைக்கிற ரெண்டு பக்கத்து ஆக்களோடையும் எனக்கு ஒத்துப்போக ஏலாமல் இருக்கு. "இதெல்லாம் காசு பிடுங்கிற வேலை" என்பவர்கள் ஒரு பக்கம். "எங்கட முன்னோருக்கு எல்லாம் தெரியும், ஆங்கில மருந்துதான் எல்லாத்தையும் கெடுத்தது" என்பவர்கள் மற்றப் பக்கம். மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி, எண்ணெய் தேய்ப்பு, பாட்டு, வரைதல், கதை, விளையாட்டு என்பவை பிள்ளைகளின் மனதுக்கு உண்மையாகவே உதவக்கூடியவை என்றுதான் நான் நினைக்கிறன். ஆனால் பிள்ளையை நெரிக்கிற காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவதற்காக மட்டும் இவற்றைப் பாவிக்கத் தொடங்கினால், நாங்கள் செய்வது சிகிச்சை இல்லை. அது அடக்குவதற்கு ஒரு மென்மையான வழி.

முதலில், ஏன் உதவும் என்பதைப் பார்ப்பம். பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும். இதயத்தைப் பார்த்து "கொஞ்சம் ஆறுதலா அடி" என்று கேட்க ஏலாது. ஆனால் மூச்சை நாங்கள் மாற்றலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது கொஞ்சம் குறையும். இது எல்லாருடைய உடம்பிலும் நடக்கிற விசயம். வெளியே விடுகிற மூச்சை நீட்டி, ஆறுதலாக விட்டால் உடம்பும் அதோடு சேர்ந்து இறங்கி வரும். தசைகளுக்கும் இதே கதைதான். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே தசைகளை இறுக்கிப் பிறகு தளர்த்தும் பயிற்சியை ஒரு முறையாக எழுதி வைத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம். "கைக்குள்ள ஒரு தேசிக்காய் இருக்கு. சாறு முழுக்க வாற மாதிரி இறுக்கிப் பிழி. இப்ப கீழ போடு." இதுக்கு வகுப்பறையும் தேவையில்லை, கட்டணமும் தேவையில்லை.

இதெல்லாம் எங்களுக்கு வெளியில இருந்து வந்த புது விசயமும் இல்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வழிகளைத் தளர்வுப் பயிற்சிகளாகப் பாவிப்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மூச்சுப் பயிற்சி, சவாசனம், அவரவர் சமயத்துக்கு ஏற்றபடி ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல் என்பவை அதில் அடங்கும். ஓம் என்பதோ, செபமாலையோ, திக்ரோ, எதுவானாலும் அந்த ஆளுக்கு ஏற்கெனவே நெருக்கமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பெரிய ஆசுபத்திரி, கனக்க மருத்துவர்கள் எதுவும் இல்லாத ஒரு காலத்தில், இருக்கிறதை வைத்துக் கட்டி எழுப்பின வேலை அது.

இதுக்கு எங்கட மண்ணிலேயே செய்து பார்த்த ஆய்வும் இருக்கு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில், நெருக்கீட்டின் பின்னான மனவடு அறிகுறிகள் இருந்த 31 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் ரெண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, நடந்த கொடுமையை ஆரம்பத்தில் இருந்து கோர்வையாகச் சொல்ல வைக்கிற சிகிச்சை ஆறு தடவை. மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு தடவை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ரெண்டையும் நடத்தினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது முதல் பகுதியில் 81 வீதமான பிள்ளைகளும், தியானப் பகுதியில் 71 வீதமான பிள்ளைகளும் தேறியிருந்தார்கள். ரெண்டுக்கும் இடையில் புள்ளிவிபர ரீதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. 2009இல் இந்த ஆய்வு வெளியானது.

31 பிள்ளைகள் என்பது சின்னத் தொகை. எந்தச் சிகிச்சையும் கொடுக்காத மூன்றாவது பகுதி ஒன்று அதில் இருக்கவில்லை. எனவே எவ்வளவு பேர் தானாகவே தேறியிருப்பார்கள் என்று அதை வைத்துச் சொல்ல ஏலாது. என்றாலும் "மூச்சுப் பயிற்சியால என்ன வரப்போகுது" என்று சிரிக்கிற ஆக்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

ஆனால் அதே ஆக்கள் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வும் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் குறைவாகத்தான் கதைக்கிறம். வடக்கில் 9 முதல் 12 வயது வரையான 399 பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு செய்யப்பட்டது அது. ஐந்து கிழமைக்குள் 15 அமர்வுகள். சிந்தனையை நெறிப்படுத்தும் பயிற்சிகள், வரைதல், விளையாட்டு, நடிப்பு மாதிரியான ஆக்கச் செயற்பாடுகள். 2012இல் முடிவு வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும், வயது குறைந்த பிள்ளைகளுக்கும் சில விசயங்களில் பயன் இருந்தது. பெண் பிள்ளைகளில், இந்த அமர்வுகளுக்குப் போனவர்களைவிடப் போகாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அந்த நேரத்தில் போர் சார்ந்த நெருக்கடிகள் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பயிற்சி கூடுதலாக உதவியது. நெருக்கடிக்குள் வாழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தளவு உதவவில்லை.

அதாவது நெருப்பு எரிந்துகொண்டு இருக்கும்போது சூட்டுக்குப் பழகச் சொல்லிக் கொடுப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையா என்று கேட்கலாம். ஆனால் தேவைதான் போல இருக்கு, ஏனென்றால் நாங்கள் இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறம்.

இப்போதைய நெருப்பு என்ன? நிறைய இருக்கு. எல்லாப் பிள்ளைகளையும் தொடுகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுவம்: ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. 1940களில் இலவசக் கல்வி வந்த காலத்தில், வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகளும் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு வந்த விசயம். இன்றைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முதல் சில நாட்களுக்கு டியூசன், கருத்தரங்கு எதுவும் நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் வருடா வருடம் தடை போட வேண்டியிருக்கு. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு!

எங்கட ஒழுங்கையில் ஐந்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். காலமை ஐந்தரைக்கு எழும்புவாள். பள்ளிக்கூடம் முடிய ஒன்றரை. மூன்று மணியில் இருந்து ஆறு மணி வரை டியூசன். சனிக்கிழமை மாதிரி வினாத்தாள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலமை அறநெறி, அது முடிய இன்னொரு கருத்தரங்கு. இப்ப கொஞ்ச நாளாக ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் புதுசாக ஒரு வகுப்பும் சேர்ந்திருக்கு: மன அமைதிப் பயிற்சி. "அங்க என்ன செய்யிறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டன். "கண்ணை மூடிக்கொண்டு இருக்கோணும் அக்கா. நான் நித்திரை கொண்டிடுவன். பிறகு ரீச்சர் எழுப்புவா" என்றாள்.

அந்தப் பிள்ளையின் உடம்புக்கு என்ன தேவை என்று அந்த உடம்புக்கே தெரிந்திருக்கு. நித்திரை. அதைக் கொடுக்கிறதுக்குப் பதிலாக, நித்திரை கொள்ளாமல் அமைதியாக இருக்கச் சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்கு நாங்கள் காசு கட்டுகிறம்.

இதுக்காக அந்தத் தாயைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகேக்க என்ர பிள்ளையை நான் எப்பிடி மறிக்கிறது? நல்ல ஸ்கூல் கிடைக்காட்டி நாளைக்கு அவளே என்னைக் கேப்பாள்" என்று அவ சொல்லுகிறதில் பிழை இல்லை. வடிவான பள்ளிக்கூடங்கள் கொஞ்சமாகவும், போட்டி போடுகிற பிள்ளைகள் கனக்கவாகவும் இருக்கிற இடத்தில் ஒரு அம்மா தனியாக நின்று என்ன செய்ய ஏலும்? பிள்ளைக்குக் கொஞ்சமாவது ஆறுதல் கிடைக்கட்டும் என்றுதான் அவ அந்த வகுப்புக்கும் அனுப்புகிறா. ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. ஐந்தாம் ஆண்டில் சித்திரப் பாடமும், சங்கீதமும், விளையாட்டும் வினாத்தாள் செய்கிற நேரமாக மாறுகிறது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயம். நாங்களும் அப்படித்தான் படித்து வந்தம். வரைதலையும் பாட்டையும் விளையாட்டையும் பாடசாலையில் இருந்து எடுத்துவிட்டு, அதையே வெளியில் "கலைச் சிகிச்சை" என்ற பெயரில் விற்கிறதை என்னவென்று சொல்லுறது?

அடி இன்னொரு விசயம். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இலேயே சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. அடி நின்றுவிட்டதா என்பதை உங்கட வீட்டில இருக்கிற தம்பி தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கோ. காலமை பிரம்பு, பின்னேரம் பிராணாயாமம் என்றால் அந்தப் பிள்ளை எதைப் படிக்கும்? தனக்கு நடக்கிறது பிழை என்பதை இல்லை. தான் கோபப்படுகிறதும் அழுகிறதும்தான் பிழை என்பதை.

இதைத்தான் தலைப்பில் கேட்டன். அமைதியான பிள்ளை வேறு, அடங்கின பிள்ளை வேறு. வெளியில் பார்த்தால் ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். பேசாமல், ஆடாமல், சொன்னதைச் செய்துகொண்டு. அமைதியான பிள்ளை கேள்வி கேட்கும், சண்டை பிடிக்கும், பிறகு சிரிக்கும், தனக்கு நோகுது என்றால் சொல்லும். அடங்கின பிள்ளை சொல்லாது. எங்கட வீடுகளில் "அவன் நல்ல அமைதியான பெடியன்" என்று பாராட்டப்பட்ட எத்தனை பேர் உண்மையில் பயந்த பெடியன்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிய வருகுது.

அப்போ சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்? அதுக்கு வெளிநாட்டைப் பார்க்கத் தேவையில்லை, மட்டக்களப்பைப் பார்த்தால் காணும். 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களில் இருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மரங்கள், மிருகங்கள், களிமண், நிறங்கள், கதை, நாடகம். கூட இருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பகுதி இளைஞர் யுவதிகள். ஒருநாள் செயலமர்வு வைத்து, படம் எடுத்து, முடிக்கிற வேலை இல்லை அது. அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள். "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் நெருக்கவில்லை. சொல்ல விரும்பினால் களிமண்ணிலோ கதையிலோ சொல்லலாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பயப்படப் பழக்கப்பட்ட ரெண்டு சமூகத்துப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் விளையாடினதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இதில் இருந்து எனக்கு விளங்குகிறது இதுதான். வாசனைத் தைலமோ, கிண்ணத்தின் ஒலியோ, களிமண்ணோ தனியாக எந்தப் பிள்ளையையும் மாற்றுவதில்லை. அவசரப்படாத, அடிக்காத, திரும்பவும் வருகிற ஒரு பெரிய ஆள் அந்தப் பிள்ளையோடு இருந்ததுதான் வேலை செய்திருக்கு. அம்மம்மா சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து முழுக வார்க்கிறதும் அப்படித்தான். எண்ணெயில் என்ன குணம் இருக்கு என்று வாதிடலாம், ஆனால் ஒரு மணித்தியாலம் அவவின்ர கை எங்கட தலையில இருந்தது. பயந்துபோன பிள்ளைக்கு விபூதி போட்டு நூல் கட்டுகிறது, ஓதின தண்ணி குடிக்கக் கொடுக்கிறது, தலையில் கை வைத்துச் செபிக்கிறது எல்லாத்திலும் "நீ பயந்திருக்கிறாய், எங்களுக்குத் தெரியுது, நாங்கள் இருக்கிறம்" என்ற ஒரு செய்தி இருக்கு. அந்தச் செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேருகுது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை.

அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்தையும் ஏற்கவும் ஏலாது. ரெய்க்கியில் கையில் இருந்து ஒரு சக்தி பாய்ந்து நோயைக் குணமாக்குகுது என்பதுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் 8000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு செய்து 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், பாடசாலைகளில் எல்லாருக்கும் பொதுவாகக் கற்பித்த மனங்குவிப்புப் பயிற்சி, வழமையாகக் கற்பிப்பதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. வாசனைத் தைலங்கள் "இயற்கையானவை" என்பதால் ஆபத்தில்லாதவை ஆகிவிடாது. கற்பூரம் சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம், அதனால் கற்பூரமும் கற்பூரத் தைலமும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். வலிப்புக்கு மருந்து எடுக்கிற பிள்ளைக்கு "தியானம் காணும், மருந்தை நிப்பாட்டுங்கோ" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே வெளிக்கிட வேண்டும். பிள்ளையைத் தொட்டுச் செய்கிற எந்தச் சிகிச்சையும் மூடின கதவுக்குப் பின்னால் நடக்கக்கூடாது. தாய் தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை இருக்க வேண்டும்.

இன்னொன்று. சில பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி காணாது. கிழமைக்கணக்காக நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், யாரோடும் சேராமல், செத்துப்போறன் என்று கதைக்கிற பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர். ஆசுபத்திரிகளில் உளநலப் பிரிவுகள் இருக்கு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கு. ஒரு பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 1929க்கு அறிவிக்கலாம். "விசர் ஆசுபத்திரி" என்ற சொல்லுக்குப் பயந்து பிள்ளையைத் தியான வகுப்பில் ஒளித்து வைக்கிறதும் ஒருவகைக் கைவிடல்தான்.

எங்கட வயதுக்காரர் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2009இல் நாங்கள் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள். போருக்குப் பிறகு வன்னியில் உளசமூகப் பணி செய்ய அனுமதி எடுக்கிறதே பெரும்பாடாக இருந்தது. அனுமதி கிடைத்த இடங்களிலும் திட்டக் காலம் முடிய ஆக்கள் போய்விட்டார்கள். எங்களில் எத்தனையோ பேர் யாரும் கேட்காமல் வளர்ந்தம். அடுத்த பிள்ளைகளும் அப்படியே வளர வேண்டும் என்றில்லை.

நாங்கள் செய்யக்கூடியது பெரிய விசயம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கு, பல இடங்களில் பின்னேரத்தில் பூட்டித்தான் கிடக்கு. கிழமையில் ஒருநாள், ரெண்டு மணித்தியாலம் அதைத் திறக்கலாம். கதைப் புத்தகம், கொஞ்சம் நிறப் பெட்டிகள், கிளித்தட்டு, விரும்பினால் தேசிக்காய் பிழிகிற அந்தச் சின்ன விளையாட்டு. மாதிரி வினாத்தாள் மட்டும் வேண்டாம். முக்கியமாக, ஆரம்பித்தவர்களே ஒரு வருடத்துக்காவது தொடர்ந்து வர வேண்டும். ஒரு முறை வந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுக் காணாமல் போகிற அண்ணா அக்காமாரைப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

பாடசாலையோ, சங்கமோ, தனியாரோ, சிறுவர்களுக்கான மன அமைதி வகுப்பு என்று யார் தொடங்கினாலும் எதிர்க்கத் தேவையில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்பம்: இந்தப் பிள்ளையின்ர நேரசூசியில் எதை எடுத்துப்போட்டு இதை வைக்கிறியள்? எதையும் எடுக்கவில்லை என்றால், அது இன்னொரு டியூசன்தான்.